பன்னிரண்டாவது வீடு

ஒனோரினாவைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் பன்றிகளிலிருந்துதான் தொடங்க வேண்டும். அவள் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டாள். ஒன்பது வயதில் அவளை மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து எங்கள் ஊரான கார்பயேராவுக்குக் கூட்டி வந்ததே பன்றி மேய்க்கத்தான். இலையுதிர் காலத்தில் ஓக் கொட்டைகள் விழத் தொடங்கிவிட்டால், பன்றி அறுக்கும் நாள் வரைக்கும், கொல்லன் வீட்டுப் பன்றிகள் பதினான்கையும் காலையில் காட்டுக்குள் ஓட்டிப் போவாள், பொழுது சாயும்போது ஓட்டி வருவாள். எந்த மரத்துக் கொட்டை இனிக்கும், எந்த மரத்துக் கொட்டை கசக்கும் என்பது பன்றிகளுக்குத் தெரியும். பன்றிகளுக்கு அடுத்து அவளுக்குத்தான் தெரியும்.

கொல்லன் வீட்டில் இப்போது கொல்லன் யாரும் கிடையாது. உலை அணைந்து நூறு வருஷமாவது இருக்கும். ஆனால் எங்கள் ஊரில் வீட்டுக்கு வைத்த பெயர் வைத்ததுதான். மனிதரின் பெயர் அதற்குப் பிறகு. என்னை யாரென்று கேட்டால் ஒயின்கடை வீட்டு அவுரினா. என் புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டுக்கு நானே தலைவி. ஊரில் மொத்தம் பதினோரு வீடுகள். வீட்டுக்கு ஒரு குரல் ஊர்க்கூட்டத்தில். தனி அடுப்பு எரிந்து கூரைக்கு மேல் புகை தெரிந்தால்தான் அது வீடு. ஒனோரினாவுக்கு அடுப்பும் இல்லை, புகையும் இல்லை. அவள் வெறும் ஒனோரினா.

அவள் சந்தோஷமாக இருந்தாள் என்று சொன்னால் எங்கள் பாதிரியார் நம்ப மாட்டார். ஏழைகள் அழுதுகொண்டிருந்தால்தான் அவருக்கு நிம்மதி. ஆனால் நான் கண்ணால் பார்த்தவள். செர்வால் ஆற்றங்கரையில் குப்புறப் படுத்து, பாறை இடுக்கில் முழங்கை வரைக்கும் கையை விட்டு, மீனின் வயிற்றைத் தடவித் தடவி மயக்கி வெளியே எடுப்பாள். எடுத்ததும் தனியாக உட்கார்ந்து சிரிப்பாள். பாட்டு என்றால் உயிர், சுருதி மட்டும் கிட்டே வராது. மழை நாளில் ஓக் காட்டிலிருந்து அவள் குரல் கேட்டால் என் கடையில் இருப்பவர்கள், "ஒனோரினாக்கா பன்னிங்களுக்குப் பூசை வைக்கிறா" என்பார்கள். மரச்செருப்பில் சேறு அப்பிக்கொண்டு வந்து நிற்பாள். அரைக் கோப்பை ஒயின் குடிப்பாள். போவாள். இப்படி ஐம்பத்து நான்கு வருஷம்.

வெள்ளிக்கிழமை வேலைக்கு கொல்லன் வீட்டின் சார்பில் வந்ததும் அவள்தான். பாதை, வாய்க்கால், பாலம் எல்லாம் ஊர்ப் பொது. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் வெள்ளிக்கிழமைதோறும் வீட்டுக்கு ஓர் ஆள் வந்தாக வேண்டும். ஊர்த்தலைவர் பெலார்மினோ விடிந்ததும் வாசல் வாசலாகப் போய், "கொல்லன் வீடு! ஓர் ஆள்!" என்று தொண்டை கிழியக் கத்துவார். கொல்லன் வீட்டுத் தலைவர் ஒலெகாரியோ போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வார். ஒனோரினா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவாள்.

அந்த வருஷம் ஒலெகாரியோவின் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாட்டுக்கொட்டிலுக்கு மேலே இருந்த அறைதான் அந்த வீட்டிலேயே கதகதப்பானது. கீழே மாடுகள் விடும் மூச்சிலேயே அறை சூடாகிவிடும். அங்கேதான் ஒனோரினா படுத்துவந்தாள். புதுப்பெண்ணுக்கு அந்த அறை வேண்டும். ஒலெகாரியோ கெட்ட மனுஷர் இல்லை. பட்டணத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் முதியோர் இல்லத்துக்கு எழுதிப் போட்டு, ஓர் இடம் பிடித்துவிட்டு, தான் பெரிய உபகாரம் செய்துவிட்டதாகவே நினைத்தார். புல் அறுப்பு முடிந்ததும் அவளைக் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு.

"அங்க மரம் இருக்கா தம்பி?" என்று அவள் கேட்டாளாம். அவருக்கு நான்கு வயதாக இருந்தபோது இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தவள் அவள். அதனால் முதலாளியானாலும் தம்பிதான்.

"முத்தத்துல ஒரு ஆரஞ்சு மரம் இருக்காம்."

"ஒத்தை மரமா?" என்று கேட்டுவிட்டு அவள் பன்றிகளுக்குத் தீனி கலக்கப் போய்விட்டாள்.

என்னிடம்தான் வந்து சொன்னாள். ஆற்றங்கரையில் பழைய மாவு ஆலை ஒன்று சும்மா கிடக்கிறது, ஊர்ப் பொதுச் சொத்து. கூரையில் ஓடாக வேய்ந்த ஓட்டுக்கல் பாதி சரிந்திருந்தாலும் சுவர் கெட்டி, உள்ளே அடுப்பும் உண்டு. அது கிடைத்தால் போதும் என்றாள். ஏற்கெனவே இரண்டு தடவை பெலார்மினோவிடம் கேட்டிருக்கிறாள். கூட்டத்தில் கேட்க வேண்டும் என்றால் ஊர் வீடாக இருக்க வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். ஊர் வீடாக வேண்டும் என்றால் அடுப்பு வேண்டும். அடுப்பு ஆலையில் இருக்கிறது. ஆலை வேண்டும் என்றால் கூட்டத்தில் கேட்க வேண்டும். இந்தச் செக்கில் அவள் சுற்றிக்கொண்டிருந்தாள். எனக்குக் குரல் உண்டு, நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஒலெகாரியோ என் கடையில் நல்ல வாடிக்கை. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

ஜூன் மாதம் இரண்டாவது வாரம் மலை உச்சியில் இடி இடித்து, இரண்டு நாள் விடாமல் கொட்டியது. செர்வால் சேற்று நிறத்தில் வந்து பாலத்தைத் தூக்கிக்கொண்டு போனது. எங்கள் புல்வெளிகள் எல்லாமே அக்கரையில்தான். புல் இடுப்பு உயரம் நின்றது. ஜூலைக்குள் அறுத்து உலர்த்தி ஏற்றாவிட்டால் குளிர்காலத்தில் மாடுகளுக்கு ஓலைக்கூடையைத்தான் தின்னக் கொடுக்க வேண்டும். மேலே உள்ள கல்பாலத்தைச் சுற்றிக்கொண்டு போனால் போகவே அரை நாள்.

பாலத்துக்கு நீளமான, நேரான ஓக் வேண்டும். நடுவில் இரண்டாக அறுத்து, தட்டையான பக்கம் மேலே வரும்படி பக்கத்தில் பக்கத்தில் போடுவோம். மேல்காட்டில் ஓக் மரங்களுக்குக் குறைவில்லை. ஆனால் அது அரசாங்கக் காடு. முத்திரை குத்திய காகிதம் வந்து சேருவதற்குள் பனி விழுந்துவிடும். எங்கள் பொதுக்காட்டு மரங்கள் எல்லாம் கிளைக்காகத் தலை வெட்டி வெட்டி வளர்த்தவை, குட்டையும் முண்டுமாக நிற்பவை. ஆற்றோரத்தில் ஒன்றே ஒன்றுதான் யாரும் கைவைக்காமல் நெடுநெடுவென்று நின்றது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் முகப்பில் கூட்டம். ஒலெகாரியோ எழுந்து, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"ஆத்தோரத்துல நிக்கிற என் ஓக் மரத்த ஊருக்குக் குடுக்கறேன்" என்றார்.

எல்லோரும் கைதட்டினோம். நானும்தான். பெலார்மினோவுக்குக் கண் கலங்கிவிட்டது. அது அவர் மரம் இல்லை என்பது எங்களில் ஒருவருக்கும் அப்போது உறைக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் நிலம் வேறு, மரம் வேறு. பொது நிலத்தில் யார் வேண்டுமானாலும் மரம் வைக்கலாம். மூன்று வருஷம் முள் வைத்துக் காப்பாற்றி, பட்டையில் தன் அடையாளத்தை வெட்டிவிட்டால் மரம் அவருடையது. நிலம் என்னவோ ஊருடையதுதான். அடுத்தவர் மரத்தில் அரிவாள் வைப்பது அடுத்தவர் சமையலறைக்குள் புகுந்து சட்டியைத் திறப்பதற்குச் சமம்.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு வீட்டிலிருந்தும் ஆள் வந்தாகிவிட்டது. எனக்குப் பிள்ளை இல்லை, அதனால் என் வீட்டுக்கு எப்போதும் நானேதான். கொல்லன் வீட்டுக்கு வழக்கம்போல ஒனோரினா, தோளில் கோடரியோடு. எந்த மரம் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. பெலார்மினோ அந்த மரத்தடியில் போய் நின்று கையில் எச்சிலைத் துப்பிக்கொண்டதும், "யாரக் கேட்டு?" என்றாள்.

"ஒலெகாரியோ குடுத்துட்டாரேக்கா. ஞாயித்துக்கிழம கூட்டத்துல."

"எதக் குடுத்தாரு?"

"இந்த மரத்தத்தான்."

"இது என் மரம்" என்றாள். கோபமே இல்லாமல், மழை வருகிறது என்பதுபோலச் சொன்னாள்.

பெலார்மினோ பாசியைச் சுரண்டிப் பார்த்தார். பட்டையில் மூன்று கோடும் கீழே ஒரு வட்டமும் தடித்துப் போயிருந்தன. பதினோரு வீட்டு அடையாளமும் எங்களுக்கு மனப்பாடம். இது அதில் எதுவும் இல்லை. பன்னிரண்டு வயதில் ஒரு கொட்டையை ஊன்றி, தன் பன்றிகளே தின்றுவிடாமல் முள் வைத்துக் காத்து, மூன்றாம் வருஷம் அவள் வெட்டிய அடையாளம் அது. உடனே எங்கள் எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிட்டது. இத்தனை நாள் அது எங்கே போயிருந்தது என்று கேட்காதீர்கள்.

கூட்டத்துக்குக் கோயில் மணி அடித்தார்கள். வீட்டுத் தலைவர்கள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கி வந்தார்கள். ஒலெகாரியோ வரும்போதே முகம் சிவந்திருந்தது.

"என்ன ஒனோரினா, விளையாடறியா? என் வீட்ல இருந்தப்ப வச்ச மரம், என் வீட்டு மரம்தானே?"

"உங்க வீட்ல இருந்தப்ப எனக்கு அம்மை போட்டுச்சு. அதுவும் உங்களுதா தம்பி?"

சிரிப்பு வெடித்தது. ஒலெகாரியோவுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது.

"அம்பது வருஷமா என் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டிருக்க!"

"ஆமா. அந்தச் சாப்பாட்ட அம்பது வருஷமா ஆக்கினது யாரு?"

பெலார்மினோ நடுவில் புகுந்து, "மரம் அக்காவோடதுதான், அதுல பேச்சே இல்ல. அக்கா, ஊருக்காகக் கேக்கறேன், குடுப்பியா?" என்றார்.

"குடுக்காம? பாலத்துல நானும்தானே நடக்கறேன். வெட்டிக்கோங்க."

எல்லோருக்கும் மூச்சு வந்தது. பெலார்மினோ கோடரியை ஓங்கினார். ஓங்கியது ஓங்கியபடியே நின்றது. மெதுவாகக் கீழே இறக்கினார்.

"வாங்க முடியாதே" என்றார்.

பாலத்துக்கு மரம் ஊர் வீடு ஒன்றிலிருந்துதான் வர வேண்டும். வீடில்லாதவரிடம் சும்மா வாங்கினால் அதற்குப் பிச்சை என்று பெயர். வேலைக்காரியிடம் பிச்சை வாங்கிப் பாலம் போட்ட ஊர் என்று கீழூர்க்காரர்களுக்குத் தெரிந்தால் போதும், சந்தைக்குச் சந்தை பாட்டுக் கட்டிப் பாடுவார்கள். எங்கள் ஆண்கள் பட்டினி கிடப்பார்கள், அந்தப் பாட்டை மட்டும் கேட்க மாட்டார்கள்.

"அப்போ வெலைக்கு வாங்கிக்கலாம்" என்றார் ஒருவர்.

"விக்க மாட்டேன்" என்றாள் ஒனோரினா. "குடுக்கத்தான் குடுப்பேன். நான் ஒரு வீடா இருந்தா வாங்கிக்குவீங்களா?"

"வீடுன்னா அடுப்பு வேணுமேக்கா."

"ஆலையில அடுப்பு இருக்கு."

"ஆலை ஊரோடது."

"ஊருதான் இங்க மொத்தமா நிக்குதே" என்றாள். பிறகு வேரின்மேல் உட்கார்ந்து, மடியிலிருந்து சோள ரொட்டியையும் ஒரு துண்டு உப்புக்கறியையும் எடுத்தாள். "நல்லா யோசிங்க. எனக்கு அவசரமில்ல. அக்கரையில எனக்குப் புல்லு இல்ல."

இதை முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தாயா என்று பிற்பாடு பல தடவை கேட்டிருக்கிறேன். சிரிப்பாளே தவிர வாயைத் திறக்க மாட்டாள்.

அத்தனை பேரும் ஆற்றைப் பார்த்தோம். தண்ணீர் வடிந்து தெளிந்து, கற்கள்மேல் சளசளவென்று ஓடிக்கொண்டிருந்தது. அக்கரையில் புல்லின் நுனி பழுக்க ஆரம்பித்திருந்தது. இப்போதும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது.

"ஒயின்கடை வீடு சம்மதம்" என்று கையைத் தூக்கினேன். "அவ எங்கிட்ட சொன்ன அன்னைக்கே தூக்கியிருக்கணும். இனிமே என் கடைக்கு வர்றதும் வராததும் அவங்கவங்க இஷ்டம்."

ஒவ்வொரு கையாக எழுந்தது. பத்து. எல்லோர் கண்ணும் ஒலெகாரியோமேல். அக்கரையில் பெரிய புல்வெளி அவருடையது. அடுத்தவர் மரத்தைத் தன்னுடையது என்று தொப்பியைக் கழற்றித் தானம் செய்தவரும் அவரே. அந்தக் கதை சம்பந்தி வீட்டுக்குப் போய்ச் சேருமே என்ற கவலையும் முகத்தில் தெரிந்தது.

"கன்னியாஸ்திரிங்களுக்குக் கடுதாசி போட்டுட்டேனே" என்றார் பரிதாபமாக.

"இன்னொண்ணு போடுங்க தம்பி. ஆரஞ்சு மரத்த நல்லாப் பாத்துக்கச் சொல்லுங்க."

ஒலெகாரியோவும் கையைத் தூக்கினார். "தொலையுது. நீ போய்ட்டா என் பன்னிங்க எந்த மரத்தடிக்குப் போகும்?" என்றார்.

ஆனால் கை தூக்கினால் மட்டும் போதாது, புகை தெரிய வேண்டும். புது வீட்டுக்கு முதல் நெருப்பு வேறொரு வீட்டு அடுப்பிலிருந்து போவது வழக்கம். நான் என் வீட்டிலிருந்து கொண்டுவரக் கிளம்பினேன். ஒலெகாரியோ என்னைத் தடுத்துவிட்டார். "அம்பது வருஷமா அவ ஊதின அடுப்பு எங்க வீட்டுது. அதுலேருந்துதான் போகணும்" என்று, இரும்புச் சட்டியில் நெருப்புக் கங்குகளை எடுத்துக்கொண்டு, மரச்செருப்பு டக்டக்கென்று அடிக்க அவரே மேட்டிலிருந்து ஓடி வந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரைத் திட்டிக்கொண்டே அழுதேன்.

ஒனோரினா ஆலைக்குள் போனாள். காய்ந்த ஓக் இலை ஒரு கூடை, சுள்ளி ஒரு கட்டு. நாங்கள் எல்லோரும் வெளியே நின்று புகைபோக்கியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் வரவில்லை. பிறகு கதவு வழியாக வந்தது, சன்னல் வழியாக வந்தது, சுவர் இடுக்கு, கூரை ஓட்டை எல்லாவற்றிலிருந்தும் வந்தது. கடைசியில் முகமெல்லாம் கரியாக, இருமிக்கொண்டு ஒனோரினாவே வந்தாள். புகைபோக்கிக்குள் காக்கைக் கூடு.

"புகை மேல வரணும்" என்றார் பெலார்மினோ. விதி என்றால் அவருக்கு உயிர்.

"புகை தெரியணும்னுதானே வழக்கம்? எது வழியான்னு யாரு சொன்னது?" என்றேன்.

"எனக்குத் தெரியுது" என்றார் ஒலெகாரியோ கண்ணைக் கசக்கிக்கொண்டு. "நல்லாவே தெரியுது."

அவ்வளவுதான். அன்று மத்தியானமே மரத்தை வெட்டினோம். முதல் வெட்டை அவளைத்தான் போடச் சொன்னார்கள். பட்டையில் இருந்த அடையாளத்தின்மேல் கொஞ்ச நேரம் கையை வைத்துக்கொண்டிருந்தாள். "நின்னது போதும், இனிமே படு" என்று சொல்லிவிட்டு ஓங்கிப் போட்டாள். அழவில்லை. அது விழுந்தபோது ஆற்றங்கரையில் வெளிச்சம் வந்து, நாங்கள் எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டோம். இரண்டு வாரத்தில் பாலம் தயார். புல் அறுத்தோம், ஏற்றினோம். கல்யாணப் பெண்ணும் அந்தப் பாலத்தில் நடந்துதான் புல்வெளி பார்க்கப் போனாள்.

கோடை முழுவதும் ஒனோரினா ஆலையின் கூரையிலேயே இருந்தாள். ஓட்டுக்கல் வேய்ந்தாள், கூட்டைக் கலைத்தாள், சுண்ணாம்பு பூசினாள். காலையில் என் கடை வாசலில் நின்றால் ஆற்றங்கரையில் புகை நேராக மேலே போவது தெரியும். கொட்டை விழத் தொடங்கியதும் பழையபடி கொல்லன் வீட்டுப் பன்றிகளை ஓட்டிக்கொண்டு காட்டுக்குப் போனாள். ஆனால் இப்போது அதற்கு ஒரு பன்றித் தொடை கூலி என்று பேச்சு.

இலையுதிர் காலத்தின் முதல் வெள்ளிக்கிழமை. பெலார்மினோ பதினோரு வாசலிலும் கத்தி முடித்துவிட்டு, ஆற்றங்கரைக்கு இறங்கிப் போய், ஆலை வாசலில் நின்றார். "ஒனோரினா வீடு! ஓர் ஆள்!" குரல் மலையில் மோதித் திரும்பியது. நான் மேட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு திறக்கவில்லை. இன்னொரு தடவை கத்தினார். ஊஹும்.

மத்தியானம் வரைக்கும் பாதையில் கல் அடுக்கினோம். கொல்லன் வீட்டுக்கு அன்று ஒலெகாரியோவே வந்திருந்தார். ஒரு கல்லைத் தூக்கி வைக்க மூன்று தடவை இடுப்பைப் பிடித்துக்கொண்டார். எல்லோருக்கும் உள்ளுக்குள் பயம், அக்காவுக்கு உடம்புக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்று.

சாப்பாட்டு நேரத்துக்கு அவள் வந்தாள். வெள்ளைத் துணி கட்டிய தலை, துடைத்த மரச்செருப்பு, கையில் ஒரு பெரிய ஜாடி ஒயின்.

"உடம்பு சரியில்லையாக்கா?" என்றார் பெலார்மினோ.

"கல்லுமாதிரி இருக்கேன்."

"பின்ன ஏன் வரல?"

"வரல. அவ்வளவுதான். வராத வீட்டுக்கு ஒரு ஜாடி ஒயின் அபராதம்தானே? இந்தா." ஜாடியைச் சுவர்மேல் வைத்தாள். "அம்பது வருஷம் ஒரு வெள்ளிக்கிழம விடாம வந்திருக்கேன். ஒரு நாளு வராம போயிருந்தாலும் அபராதம் கொல்லன் வீட்டுப் பேருலதான் விழுந்திருக்கும். சொல்லு, சத்தமாச் சொல்லணுமே."

அபராதம் விழுந்த வீட்டின் பெயரை ஊருக்கே கேட்கும்படி சொல்ல வேண்டும். அவமானப்படட்டும் என்பதற்காகத்தான் அந்த வழக்கம். பெலார்மினோ தொப்பியைச் சரிசெய்துகொண்டு, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.

"ஒனோரினா வீடு! அபராதம் ஒரு ஜாடி!"

ஒனோரினா காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டாள்.

"சரியா விழல," என்றாள், "இன்னொரு தடவ சொல்லு."